பூஜ்யத்திலும் சத்தம் வரும்

போன வாரம் அக்கா சொன்ன இரண்டு வார்த்தைகளோடு நிறுத்தியிருந்தேன். "சத்தம் வருது." அதற்குள் பலர் கடிதம் போட்டு அக்காவைத் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். திட்டுங்கள். ஆனால் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் தேவைப்படும்.

இந்தப் பக்கத்தை இப்போதுதான் திருப்புகிறவர்களுக்கு முன்கதை கொஞ்சம். அக்கா, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். தம்பி, பேக்கரியில் மாஸ்டர். தம்பிக்கு ஆறு வயதில் ஆஸ்துமா வந்தது, அம்மா போனதும் அதே வருஷம். அப்போது அக்காவுக்குப் பதினாலு. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அவள் கைப்பையில் ஒரு நீல இன்ஹேலர் இருக்கிறது. மூச்சு முட்டினால் அவன் "அக்கா" என்பான். அவள் நீலத்தை நீட்டுவாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவனை யார் பார்த்துப்பாங்க" என்று தட்டிக்கழித்தாள். கடைசியில் பேச்சு வருவதே நின்றுவிட்டது.

தம்பிக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். வந்தவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். நேரில் "அம்மாடி" என்று கூப்பிட்டாலும், மனசுக்குள் அக்கா அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கண்ணாடிக்காரி.

அந்தக் கண்ணாடிக்காரிதான் நாலு மாசத்துக்கு முன்னால் அவனை ஒரு நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஊதா நிறத்தில் இன்னொரு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். ஒரே டப்பாவில் இரண்டு மருந்து. ஒன்று மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்கும், மற்றது குழாயை விரித்து வைக்கும். காலையில் இரண்டு அழுத்து, ராத்திரி இரண்டு அழுத்து, ஒவ்வொரு தடவையும் வாய் கொப்புளிக்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தக்கூடாது, ஏனென்றால் நன்றாக இருப்பதே அதனால்தான். அக்காவும் கூடப் போயிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீலம் அவசரத்துக்கு மட்டும். அது தேவைப்படாமலே போச்சுன்னா நாம ஜெயிச்சிட்டோம்னு அர்த்தம்."

ஜெயித்துவிட்டார்கள். நாலு மாசமாக ஒரு இழுப்பு இல்லை. தம்பி மாடிப்படியில் நிற்காமல் ஏறினான். இருமாமல் சிரித்தான். ஒரு நாள் குளித்துவிட்டு வரும்போது சீட்டியடித்தான். முப்பத்துநாலு வயசில் முதல் சீட்டி! கண்ணாடிக்காரி கைதட்டினாள். அக்கா "காது வலிக்குது, நிறுத்துடா" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான், அவளுக்கே தெரியும். வயிறு எரிந்தது. நாலு மாசமாக அவன் ஒரு தடவைகூட "அக்கா" என்று அந்தக் குரலில் கூப்பிடவில்லை.

பிரிட்ஜ் கதவில் கண்ணாடிக்காரி ஒட்டியிருந்த அட்டையைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. காலைக்கு ஒரு டிக், இரவுக்கு ஒரு டிக். "கொப்புளிச்சீங்களா?" என்று இவள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதும், நல்ல பிள்ளையாக அவன் களகளவென்று கொப்புளிப்பதும்! இருபத்தெட்டு வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவளுக்கு ஒரு அட்டை உண்டா?

இனி போன வார ஞாயிற்றுக்கிழமை. தம்பி வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வந்த அக்கா வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள். டூத்பிரஷ் டம்ளருக்குப் பக்கத்தில் ஊதா. அதன் முதுகில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் எண். நூற்றிருபதில் தொடங்கி, அழுத்த அழுத்த இறங்கும். ஜன்னலில் பூஜ்யம் நின்றது.

அதே நேரத்தில் உள்ளேயிருந்து, வெங்காயக் கையோடு, கண்ணாடிக்காரியின் குரல்: "அண்ணி, அந்த ஊதால மருந்து இருக்கா பாருங்களேன். மாத்த வேண்டிய தேதி இன்னும் வரல, இருந்தாலும் ஒரு வார்த்தை."

அக்கா டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே கிளுக்கென்றது. அழுத்தினாள், புஸ்ஸென்றது. மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு கொஞ்ச நாள் புஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும், சத்தத்தை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள் என்று டப்பாவோடு வரும் காகிதத்தில் போட்டிருக்கிறது. மற்றவர்கள் தூக்கிப்போடும் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தவள் அவள்.

"சத்தம் வருது," என்றாள்.

பொய் இல்லை, பாருங்கள். சத்தம் வந்தது.

இன்றைக்குத் திங்கள். எட்டு நாள் ஆகிவிட்டது. திங்கள் சொல்லலாம், செவ்வாய் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். தினமும் போனில் அவன் குரல் தெளிவாக இருந்தது. பிறகு மனசு ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டது. பார், மருந்தே இல்லாமல் நன்றாகத்தானே இருக்கிறான்? அட்டை, டிக், கொப்புளிப்பு எல்லாம் அவள் ஆடிய ஆட்டம்தானே? அந்த வக்கீலின் பேச்சு அக்காவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

காலை ஆறரைக்கு வழக்கம்போலப் போன் செய்தாள். பேக்கரியில் முதல் ஈடு ரொட்டி இறங்கியிருக்கும் நேரம்.

"சொல்லுக்கா."

"என்னடா குரல்?"

"என்ன குரல்? நல்லாத்தான் இருக்கேன்."

"வார்த்தை முடியறப்ப இழுக்குது."

"மாவு மூட்டை இறக்கினாங்க. தூசி. ரெண்டு நாளா கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். ஊதா போட்டாச்சு. அவ நின்னு பார்த்து டிக் போட்டுத்தான் வெளியவே விட்டா."

அவன் நெஞ்சில் இழுப்பு தொடங்குவதை அவனுக்கு முன்னால் கண்டுபிடிக்கிறவள் உலகத்திலேயே அக்கா ஒருத்திதான். இப்போதும் கண்டுபிடித்தாள். முதலில் வந்தது பயம் இல்லை. சொல்லவே கூசுகிறது, ஆனால் எழுதுகிறவன் ஒளிக்கக்கூடாது. முதலில் வந்தது சந்தோஷம்.

இரண்டாவதாகத்தான் பயம் வந்தது. "டப்பாவைத் திருப்பி எண்ணைப் பாருடா," ஒரே வாக்கியம்தான், நாக்கு நுனியில் நின்றது.

"நீலம் வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"எங்கயோ ஒரு சட்டையில கிடக்கும். நாலு மாசமா அதுக்கு வேலையே இல்லையே!" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வேலையே இல்லையாம். அக்காவின் வாய் இறுக மூடிக்கொண்டது. போனை வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டரம்மா வந்தார். ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், ரவுண்டானாவைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். டிரைவிங் ஸ்கூல் காரில் அக்கா உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா.

"இன்னிக்கு என்னங்க, ரெண்டு சிக்னல் தாண்டிட்டேன், ஒரு திட்டுகூட விழல?" என்றார் டாக்டரம்மா.

அக்கா பதில் சொல்வதற்குள் மடியில் போன் அடித்தது. தம்பி.

எடுத்தாள். பேச்சு இல்லை. சன்னமான விசில் மாதிரி ஒரு மூச்சு, நின்று, மறுபடி ஒரு மூச்சு. பிறகு அந்தக் குரல். ஆறு வயசுக் குரல்.

"அக்... கா..."

"வரேண்டா. உட்காரு. படுக்காத. முன்னால சாஞ்சு உட்காரு. யாராவது பக்கத்துல இருந்தா போனைக் குடு!"

கல்லாவில் இருக்கும் பெண் போனை வாங்கி அழுதாள். மாவு மூட்டை ஒன்று கிழிந்து அறை முழுக்கத் தூசியாம். மாஸ்டர் உதடு ஒரு மாதிரி இருக்காம்.

"எல்லாக் கதவையும் திற. அவனை வெளியே கொண்டு வா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. நான் அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்."

"நீங்க போன்ல இருங்க," என்றார் பல் டாக்டரம்மா. "நான் ஓட்டறேன்."

நடுவில் ரவுண்டானா வந்தது. டாக்டரம்மா கண்ணைத் திறந்துகொண்டே அதைச் சுற்றினார். அக்காவின் கால் பிரேக்கை ஒரு தடவைகூடத் தொடவில்லை. போனைத் தோளில் இடுக்கியிருந்த அவளின் இரண்டு கையும் கைப்பைக்குள் இருந்தன.

பேக்கரி வாசலில், கவிழ்த்துப்போட்ட ரொட்டிக் கூடை மேல் அவன் உட்கார்ந்திருந்தான். புருவத்தில்கூட மாவு. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அக்காவைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

மருந்தை வாயில் வைத்து இழுக்க உதவும் பிளாஸ்டிக் குடுவையைக் கைப்பையிலிருந்து எடுத்து, நீலத்தை அதில் சொருகிக் குலுக்கினாள். "ஒண்ணு. மெதுவா இழு. விடு. இழு. சரி, ரெண்டு." நான்கு அழுத்து. நான்கு நிமிஷம் காத்திருப்பு. மறுபடி நான்கு. அவள் குரல் நடுங்கவில்லை. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். சுற்றி நின்றவர்கள் மூச்சுவிட மறந்து பார்த்தார்கள். எட்டாவது அழுத்துக்குப் பிறகு தோள் கொஞ்சம் இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது.

"அக்கா," என்றான். "நீ இல்லன்னா..."

இந்த வாக்கியத்துக்காகத்தானே நாலு மாசமாகக் காத்திருந்தாள்? கேட்டாள். வாய்க்குள் ஒரு கைப்பு இறங்கியது.

அப்போதுதான் கண்ணாடிக்காரி ஓடி வந்தாள். கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். லென்ஸ் துடைக்கும் துணி ஒரு கையில், சின்ன எழுத்தைப் பார்க்கும் பூதக்கண்ணாடி கழுத்தில். அவன் முகத்தைத் தொட்டாள், நெஞ்சில் காதை வைத்தாள்.

"ஊதா காலையில போட்டாரே! நான் பார்த்தேனே! அப்புறம் எப்படி?" அவன் பையைத் துழாவி ஊதாவை எடுத்தாள். திருப்பினாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள்.

அவள் முகம் வெளிறுவதை அக்கா பார்த்தாள்.

"பூஜ்யம்," என்றாள் கண்ணாடிக்காரி. "எப்படிங்க? தேதி நாளன்னிக்குத்தானே? ஒரு நாளைக்கு நாலுன்னா முப்பது நாள் வரணுமே?"

"நான் முதல்ல ஒண்ணு காத்துல அடிச்சுப் பார்ப்பேன்ல," என்றான் அவன் மூச்சுக்கு நடுவே. "வேலை செய்யுதான்னு... டப்பாவைக் கழுவினப்ப ஒரு நாள் அடைச்சுக்கிச்சே, அதிலேர்ந்து..."

அடுப்பு காய்ந்ததா என்று ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்க்கிற கை. மருந்தையும் இந்த மாசம் முழுக்கத் தூவிப் பார்த்திருக்கிறது. நாலு போக வேண்டிய இடத்தில் ஆறு போயிருக்கிறது. முப்பது நாள் மருந்து இருபது நாளில் தீர்ந்தது, மிச்ச நாளெல்லாம் வெறும் காற்றை இழுத்து, வாய் கொப்புளித்து, டிக் வாங்கியிருக்கிறான்.

"ஊர்ல உள்ளவன் கண்ணையெல்லாம் அளக்கிற," என்றான் மனைவியிடம். குரல் சின்னது, சூடு பெரிசு. "இந்த ஒரு நம்பரைப் பார்க்க முடியலையா? உன்னை நம்பித்தானே இருந்தேன்?"

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

மருத்துவமனையில் புகைபோல் வரும் மருந்தை முகமூடி வழியாகக் கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சாயங்காலம் வரை கண்காணித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம், நாளைக்கே நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். நர்ஸ் காலி டப்பாவைப் பார்த்துவிட்டு, "எண் தீர்ந்துபோனா சத்தம் வந்தாலும் அது மருந்து இல்லைங்க. எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார்.

"தெரியலங்க," என்றாள் கண்ணாடிக்காரி. "நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் நர்ஸைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். நொடி நேரம்தான். வெங்காயக் கையோடு கேட்டது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. எல்லாம் தெரிந்தும், தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அக்காவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மையிலும் அவள் ஒரு படி மேலே ஏறி நிற்கிறாளே!

நர்ஸ் போனதும் கட்டிலருகே போனாள்.

"தம்பி. போன ஞாயித்துக்கிழமையே அது பூஜ்யம்தான். நான் பார்த்தேன். இவ கேட்டா. நான் சொல்லல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"போதும்க்கா. அவளைக் காப்பாத்த நீ பொய் சொல்லாத. உனக்குப் பொய் சொல்லவே வராது."

"பொய் இல்லடா. சத்தியமா..."

"என் மூச்சு விஷயத்துல நீ கண்ணால பார்த்துட்டுச் சும்மா இருப்பியா? யார்கிட்ட காது குத்தற?"

"அண்ணி சொல்றது உண்மைங்க," என்றாள் கண்ணாடிக்காரி மெல்ல. "நான் கேட்டேன். 'சத்தம் வருது'ன்னு சொன்னாங்க."

அவன் முகம் மாறியது. "பாத்தியா? அவங்க இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதும், நீ அதையே பிடிச்சுக்கிட்ட. உன் தப்பை எங்கக்கா தலையில கட்டற. இருபத்தெட்டு வருஷம். உனக்கு ரெண்டு வருஷம்."

புது ஊதாவை எடுத்துவரக் கண்ணாடிக்காரி வீட்டுக்குக் கிளம்பினாள்.

வெளிச்சம் சரியும் நேரத்தில் மூவரும் வெளியே வந்தார்கள். ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓட்டி வந்த காரைப் பல் டாக்டரம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிக்காரி நடுவில் வீட்டுக்குப் போய் அலமாரியில் தயாராக வைத்திருந்த புது ஊதாவை எடுத்து வந்திருந்தாள். உறை பிரிக்காத டப்பா. அவன் அதைக் கை நீட்டி வாங்கினான்.

"கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கேன்," என்றான். "இதுவும் இனிமே அக்காகிட்டயே இருக்கட்டும்."

அக்காவின் முன்னால் டப்பா வந்து நின்றது. தம்பி, மருந்து, வீடு, எல்லாம் ஒரே கையில். நாலு மாசமாக ஏங்கியது இதற்குத்தான். மறுபடி ஒரு தடவை உண்மையைச் சொல்லலாம். சொன்னாலும் நம்பமாட்டான் என்று வக்கீல் காதோரம் எழுந்து நின்றார்.

வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரி அவளைப் பார்த்தாள். அழவில்லை.

"காலையில நாலு மணிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு, அண்ணி," என்றாள். "காத்துல அடிச்சுப் பார்க்க விடாதீங்க. அப்புறம் வாய் கொப்புளிக்க நின்னு சொல்லணும். இல்லன்னா மறந்துடுவார்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். இவ்வளவு ஆன பிறகும் அவன் வாயைக் கொப்புளிக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறவள். தான் அவனை ஒரு நாளும் இப்படி நேசித்ததில்லையோ என்று அக்காவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பிலும் முதலில் வந்து நின்றது பொறாமைதான்.

தெருமுனையில் அவள் இடது பக்கம் திரும்ப வேண்டும். வீடு அந்தப் பக்கம். அவள் வலது பக்கம், பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பினாள். தோளில் பெரிய பை ஒன்று தொங்கியது. மருந்து எடுக்க வீட்டுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது போலிருக்கிறது. அக்கா இப்போதுதான் அதைக் கவனித்தாள்.

தம்பி கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தான். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்னக்கா அங்கேயே பாக்கற? அவ வீட்டுக்குப் போயிட்டாளா?"

அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

"போயிட்டா," என்றாள்.